முடக்குவாதம் இருப்பவர்களுக்குத் தாய் சி: முதல் நாளிலிருந்து படிப்படியாக

காலையில் பற்பசை மூடியைக்கூடத் திறக்க முடியாமல் விரல்கள் கட்டை மாதிரி நிற்கிற ஒருவரிடம் போய், "கொஞ்சம் உடற்பயிற்சி செய்யுங்களேன்" என்று சொன்னால் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று உறுதியான புதிதில் அசைத்தால் வலி, அசைக்காவிட்டால் விறைப்பு, இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்றே தெரியாமல் பல மாதங்கள் போயின. பிறகு தாய் சி என்கிற, மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியின் வகுப்பில் சேர்ந்து, நடுவில் தப்பாகச் செய்து முழங்காலை வீங்கவைத்துக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்கி, இப்போது ஆறு வருடமாக விடாமல் செய்துவருகிறேன்.

தாய் சி செய்கிறவர்களைப் பார்க்கும்போது நம் கண் நேராக அவர்கள் கைகளுக்குத்தான் போகும். மெதுவாக, அழகாக, தண்ணீருக்குள் அசைவதுபோல அசையும் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, "என் கை இப்படி வளையாதே, இது எனக்கு வராது" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நமக்குக் கிடைக்கவேண்டிய பலன் காலில் இருக்கிறது. உடல் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு அவசரமில்லாமல் மாறுகிறதே, அதுதான் தொடைத் தசையைப் பலப்படுத்துகிறது, கணுக்காலை இளக்குகிறது, தடுமாற்றத்தைக் குறைக்கிறது. கை எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இது தேய்மான வலி இல்லை, அதனால் விதிகளும் வேறு

வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானமும் முடக்குவாதமும் ஒன்றில்லை. முடக்குவாதத்தில் நம் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது, மூட்டைப் பிடித்துவைத்திருக்கும் தசைநார்களைத் தளர்த்திவிடுகிறது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்: மணிக்கட்டு, விரல் கணுக்கள், கால்விரல்கள் தொடங்கும் இடம். கூடவே, தூங்கி எழுந்தாலும் போகாத ஒரு களைப்பு.

இதனால் பயிற்சியில் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. தளர்ந்த தசைநாரை இழுத்து நீட்டக் கூடாது, அதனால் "இன்னும் கொஞ்சம் நீட்டு" என்கிற பேச்சுக்கே இங்கே இடமில்லை. இன்னொன்று, நோய் தினம் ஒரு மாதிரி இருக்கும். நேற்றுச் சுலபமாக வந்த அசைவு இன்று வலிக்கலாம். நேற்றைய அளவை இன்றைக்கு இலக்காக வைக்காதீர்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2004-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், 206 பேர் பங்கேற்ற 4 ஆய்வுகளைப் பார்த்தார்கள். தாய் சி செய்ததால் முடக்குவாதம் மோசமாகவில்லை, கால் மூட்டுகளின், முக்கியமாகக் கணுக்காலின், அசையும் அளவு கூடியது என்பது முடிவு. 2019-ல் அதையே புதுப்பித்து 345 பேர் அடங்கிய 7 ஆய்வுகளைப் பார்த்தபோது, வலி குறைகிறதா என்று உறுதியாகச் சொல்லுமளவுக்குச் சான்று தரமாக இல்லை என்றார்கள். மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2022 வழிகாட்டுதலில், முடக்குவாதம் உள்ளவர்கள் தொடர்ந்து உடற்பயிற்சி செய்யவேண்டும் என்பது வலுவான பரிந்துரை. தாய் சி, யோகா போன்றவை ஆளைப் பொறுத்த நிபந்தனையுடன் கூடிய பரிந்துரை.

ஆக, வலி மாயமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "இதைச் செய்தால் மாத்திரையே வேண்டாம்" என்று சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். மூட்டு அரிக்கப்படுவதைத் தடுப்பது மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள்தான். அதை நிறுத்தினால் உள்ளே நடக்கும் சேதம் தொடரும், எந்தப் பயிற்சியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

தொடங்கும் முன் மருத்துவரிடம்

மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். கழுத்து முதலில். முடக்குவாதம் பல வருடமாக இருந்தால் கழுத்தின் மேல் எலும்புகள் இரண்டுக்கும் இடையில் பிடிமானம் தளர்ந்திருக்கலாம், தேவையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தலையைக் குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, கைகளில் மரத்துப்போதல், பின்மண்டை வலி இருந்தால் அதைச் சொல்லாமல் வகுப்புக்குப் போகவே கூடாது. அடுத்தது எலும்பு: நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மெலிந்திருக்கலாம், விழுந்தால் உடையும் ஆபத்து அதிகம். மூன்றாவது, மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் எந்தெந்தத் திசையில் வளையக் கூடாது, திரும்பக் கூடாது என்பது.

எந்த வகையைக் கற்றுக்கொள்வது

தாய் சி-யில் பல பாணிகள் உண்டு. சென் பாணி பழையது, அதில் குதிப்பதும் காலை ஓங்கித் தரையில் மிதிப்பதும் மிகத் தாழ்ந்து நிற்பதும் வரும், நமக்கு வேண்டாம். யாங் பாணிதான் உலகெங்கும் அதிகம் சொல்லித்தரப்படுவது, 1956-ல் சீனாவில் பொதுமக்களுக்காக எளிமையாக்கிய 24 அசைவுத் தொகுப்பு அதிலிருந்து வந்ததுதான். மெதுவானது, நல்லது, ஆனால் ஒற்றைக் காலில் நின்று உதைப்பதும் ஒரு காலை நீட்டித் தரையோடு தாழ்வதும் அதிலும் இருக்கின்றன. அந்த இடங்களில் சும்மா நின்றுவிடலாம்.

நமக்கு அதிகம் ஒத்துவருவது சுன் பாணி. சுன் லூதாங் உருவாக்கிய இதில் நிற்கும் நிலை உயரமானது, முழங்கால் அதிகம் மடங்காது. ஒரு கால் முன்னே போனால் மறுகாலும் பின்தொடர்ந்து வந்துவிடும், அகலக் கால் வைத்து நிற்கவேண்டியதில்லை. சிட்னியில் மருத்துவராக இருந்த பால் லாம், தனக்கே மூட்டுவலி இருந்தவர், 1997-ல் மூட்டுநோயாளிகளுக்கென்று உருவாக்கிய பயிற்சிக்கு இந்தப் பாணியைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். அந்தப் பயிற்சி தெரிந்த ஆசிரியர் கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டால், உயரமாக நிற்க அனுமதிக்கிற எந்த ஆசிரியரும் போதும்.

நேரம், இடம், செருப்பு

எழுந்தவுடன் செய்யாதீர்கள். காலை விறைப்பு விட்ட பிறகு, வெந்நீரில் குளித்து உடம்பு சூடான பிறகு செய்தால் அதே அசைவு பாதி சிரமத்தில் வரும். மாலையில்தான் உடம்பு இளகும் என்றால் மாலையிலேயே செய்யுங்கள். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களில் சிலருக்கு மறுநாள் சோர்வாக இருக்கும், அந்த நாளை முன்கூட்டியே லேசான நாளாக வைத்துவிடுங்கள்.

நழுவாத தரை, பக்கத்தில் கனமான நாற்காலியின் முதுகோ சுவரோ, காலில் தட்டும் கம்பளமோ ஒயரோ இல்லாத இடம். அவ்வளவு போதும். வெறுங்காலில் செய்வது அழகுதான், ஆனால் விரல்கள் தொடங்கும் இடத்தில் வலி உள்ளவர்களுக்கு அது கூழாங்கல்லின் மேல் நிற்பது போல இருக்கும். முன்பக்கம் அகலமான, தட்டையான ஷூவில் மெத்தென்ற உள்தகடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: அடிப்பகுதி தரையை அளவுக்கு மீறிக் கவ்வுகிற ஓட்டப்பந்தய ஷூ வேண்டாம். உடல் திரும்பும்போது பாதம் திரும்பாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் இறங்கும்.

முதல் இரண்டு வாரம்: நிற்பதும் எடை மாற்றுவதும் மட்டும்

பாதங்களைத் தோள் அகலத்தில் இணையாக வையுங்கள். முழங்காலைப் பூட்டாமல் சற்றே தளர்த்துங்கள், மடக்க வேண்டாம். உச்சந்தலையை ஒரு நூல் மேலே தூக்கிப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டால் முதுகு தானாக நிமிரும். தோளை இறக்கிவிடுங்கள். அக்குளில் ஒரு முட்டை வைக்கிற அளவுக்கு இடைவெளி இருக்கட்டும். மூச்சு இயல்பாகப் போய்வரட்டும், எங்கேயும் அடக்காதீர்கள்.

இப்போது எடையை வலது காலுக்கு மாற்றுங்கள். மனதில் நான்கு எண்ணும்வரை மெதுவாக. முதலில் இடது குதிகால் லேசாகும், அப்புறம் இடது பாதத்தின் வெளிவிளிம்பு, கடைசியாக விரல்கள். இடது பாதத்துக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தால் யாராவது அதைக் கிழியாமல் உருவ முடியும் என்கிற நிலை வரும்வரை போங்கள், ஆனால் காலைத் தூக்காதீர்கள். தாய் சி-யில் இதைக் காலிக் கால், நிறைந்த கால் என்பார்கள். எடை முழுக்க வலதில் சேர்ந்ததும் வலது தொடையின் முன்பக்கம் வேலை செய்வது தெரியும். முழங்கால் சில்லு பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கிறதா என்று ஒருமுறை குனியாமல் கண்ணை மட்டும் இறக்கிப் பாருங்கள். உள்பக்கம் சாய்ந்திருந்தால் எடையைக் கொஞ்சம் குறைத்து நேராக்குங்கள். பிறகு அதே வேகத்தில் இடதுக்கு. வலது, இடது, பத்துமுறை. முடிந்தது.

இது ரொம்பச் சாதாரணமாகத் தோன்றும். இரண்டு நாளில் சலிப்பு வந்து அடுத்த அசைவுக்குத் தாவத் தோன்றும். தாவாதீர்கள். நான் முதல் வகுப்பில் செய்த தப்பு அதுதான். எல்லோரும் முழங்காலை ஆழமாக மடக்கி நின்றார்கள், ஆசிரியரும் "இன்னும் கீழே" என்றார், எனக்கும் பின்தங்க மனமில்லை. அன்று இரவே முழங்கால் சூடாகி வீங்கியது, அடங்கப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் இழந்த தொடைப் பலத்தை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

இந்த இரண்டு வாரமும் தினம் இரண்டு வேளை, வேளைக்கு 5 நிமிடம் போதும். ஒரேயடியாக அரைமணி நேரம் நிற்பதைவிட இது நல்லது.

மூன்றாவது வாரம்: கை சேர்கிறது

சுன் பாணியின் தனி அடையாளமான திறத்தல்–மூடுதல் அசைவிலிருந்து தொடங்குங்கள். இரு உள்ளங்கைகளும் மார்புக்கு முன்னால் ஒன்றையொன்று பார்த்தபடி, முகத்தின் அகலத்தில். மூச்சை உள்ளே இழுக்கும்போது கைகள் தோள் அகலத்துக்கு விலகும், வெளியே விடும்போது மறுபடி முக அகலத்துக்கு வரும். நடுவில் ஒரு பலூனைப் பிடித்திருப்பதுபோல, அழுத்தாமல்.

ஆசிரியர்கள் விரல்நுனி மேல்நோக்கி இருக்கவேண்டும் என்பார்கள். மணிக்கட்டில் வீக்கம் உள்ளவர்கள் அதைக் கேட்கவேண்டாம். விரல்களை முன்னால் நீட்டினாற்போல் விட்டால் மணிக்கட்டு நேர்கோட்டில் இருக்கும், அதுதான் அதற்குப் பாதுகாப்பான நிலை. பொதுவாகவே கை விஷயத்தில் சில விதிகள்: முஷ்டியை இறுக்கக் கூடாது, காற்றை மெல்ல மூடிப் பிடிப்பதுபோல விட்டுவிடுங்கள். ஐந்து விரல்களையும் குவித்து மணிக்கட்டைக் கொக்கிபோல் மடக்கும் நிலை யாங் பாணியில் வரும், அங்கே கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயும்படி எந்தத் தள்ளுதலும் வேண்டாம், நம் நோய் ஏற்கெனவே விரல்களை அந்தப் பக்கம்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது.

கை பழகியதும் எடை மாற்றத்தோடு சேருங்கள். எடை வலதுக்குப் போகும்போது திறத்தல், நடுவுக்கு வரும்போது மூடுதல். கைகள் தோள் உயரத்துக்குப் போகும் அசைவுகளில் தோள் வலித்தால் தொப்புள் உயரத்திலேயே செய்யுங்கள். பலன் குறையுமோ என்ற கவலை வேண்டாம், கால் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து: பூனை நடை

அடி எடுத்துவைப்பது இனிமேல்தான். எடை முழுக்க வலது காலில் சேரட்டும். காலியான இடது காலை அரைப் பாத நீளத்துக்கு மட்டும் முன்னே கொண்டுபோய், குதிகாலை முதலில் வையுங்கள், அதில் எடை வைக்காமல். வைத்த இடம் சரியில்லையென்றால் அந்தக் காலை அப்படியே திரும்ப எடுக்க முடியவேண்டும். முடியாமல் உடம்பு அதன்மேல் விழுகிறதென்றால் அடி நீளமாகிவிட்டது, குறையுங்கள். இடம் சரியென்றால் மெல்லப் பாதத்தைப் படியவிட்டு எடையை மாற்றுங்கள், பின்னால் நிற்கும் கால் தொடர்ந்து வரட்டும். சுன் பாணியில் பின்தொடரும் கால் விரல்நுனியில் வந்து நிற்கும். முன்பாதம் வலிப்பவர்கள் முழுப் பாதமாகவே வையுங்கள்.

திரும்பும் அசைவுகளில் இடுப்பிலிருந்து திரும்புங்கள், முழங்காலிலிருந்து திரும்பாதீர்கள். கண்ணும் தலையும் மார்போடு சேர்ந்து போகட்டும், கழுத்தைத் தனியாகத் திருப்பவோ சுழற்றவோ கூடாது. வகுப்புகளில் உடலைச் சூடேற்ற கழுத்தை வட்டமாகச் சுற்றச் சொல்வார்கள், அதில் நீங்கள் சேரவே வேண்டாம்.

இதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு புது அசைவு என்று போனால் போதும். நேரத்தை 10 நிமிடம், 15 நிமிடம் என்று ஏற்றி மூன்றாவது மாத முடிவில் 20 நிமிடத்துக்கு வந்தால் நல்ல வேகம். மெதுவாக வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

எவ்வளவு போதும் என்று எப்படித் தெரியும்?

தாய் சி ஆசிரியர்கள் சொல்லும் 70 சதவீத விதி நமக்கென்றே சொன்னதுபோல இருக்கும். உங்களால் எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் முடியுமோ அதில் 70 சதவீதத்தில் நிறுத்துங்கள். அந்த 100 என்பது இன்றைய உடம்பின் 100.

இதோடு இரண்டு மணி நேர விதி. பயிற்சிக்குப் பிறகு மூட்டுவலி வழக்கத்தைவிட அதிகமாகி, இரண்டு மணி நேரம் கழித்தும் குறையவில்லையென்றால் அன்று அளவு மீறியிருக்கிறது, அடுத்த முறை நேரத்தையோ ஆழத்தையோ குறைக்கவேண்டும். தொடையில் இதமான அலுப்பு இருந்தால் அது தசை வலி, பயப்பட வேண்டாம். மூட்டுக்குள்ளே குத்துவதும், சூடாவதும், மறுநாள் காலை விறைப்பு நீள்வதும் வேறு விஷயம்.

நோய் சீறும் நாட்களில்

மூட்டு சிவந்து சூடாகி வீங்கியிருக்கும் நாளில் அதன்மேல் எடை வைக்காதீர்கள். அதற்காக முழுக்கப் படுத்துவிடவும் வேண்டாம். கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து பாதங்களைத் தரையில் பதியுங்கள். நின்று செய்த அதே எடை மாற்றத்தை இப்போது உட்காரும் எலும்புகளில் செய்யுங்கள்: வலது புட்டத்துக்கு, பிறகு இடதுக்கு, அந்தந்தப் பக்கப் பாதம் மெல்லத் தரையை அழுத்தும்படி. திறத்தல்–மூடுதலைப் பாதி அளவில் செய்யலாம். அதுவும் முடியாத நாளில் கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனித்து, அசைவுகளை மனதில் ஓட்டிப் பார்ப்பேன். வரிசை மறக்காமல் இருக்க அது உதவுகிறது.

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று மிக மோசமாக வலித்து, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அதை வழக்கமான சீற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

சீற்றம் அடங்கித் திரும்பி வரும்போது, விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதி நேரத்தில் தொடங்கி, இரண்டு மணி நேர விதி ஒத்துக்கொண்டால் மட்டும் சில நாளுக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.

வகுப்பில் சொல்லவேண்டியவை

சேரும்போதே முடக்குவாதம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நடுவில் உட்கார அனுமதி கேளுங்கள், ஒருமணி நேரம் தொடர்ந்து நிற்பது நமக்கு அதிகம். நிலையைத் திருத்துகிறேன் என்று யாரும் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து வளைக்கவோ தோளை அழுத்தவோ கூடாது, வாயால் சொன்னால் போதும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இருவர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் தள்ளும் பயிற்சி வந்தால் விலகிக்கொள்ளுங்கள், எதிர்பாராத ஒரு தள்ளல் விரல் மூட்டுக்குப் போதும். "கீழே இறங்கினால்தான் தாய் சி" என்று பிடிவாதம் பிடிக்கும் ஆசிரியரானால் வேறு ஆளைத் தேடுங்கள்.

கடைசியாக ஒரு சிறு நோட்டு. தினம் ஒரு வரி போதும்: காலை விறைப்பு எத்தனை நிமிடம், எவ்வளவு நேரம் பயிற்சி, இரண்டு மணி நேரம் கழித்து எந்த மூட்டு எப்படி இருந்தது. பேனா பிடிக்க முடியாத நாளில் போனில் குரலாகப் பதிந்துவைக்கிறேன். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதை எடுத்துப்போங்கள். "காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்பார்கள், ஞாபகத்திலிருந்து குத்துமதிப்பாகச் சொல்வதைவிட அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிடலாம்.